கானல் என்னும் மாயக்காரி

தேவாலயத்துக்குப் போகும்போது மட்டும் உடுத்தும் நீலக்கரை வெள்ளைச் சேலையில், மடியில் கைப்பையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, என் அம்மா மாட்டுங்காவில் ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் கவிழ்த்துப் போட்ட கேரம் பலகை. அதன்மேல் சாக்பீஸால் வரைந்த ஒரு கோட்டை. கோட்டை வாசலில் ஒரு சட்டைப் பொத்தான். அந்தப் பொத்தான்தான் அப்போது என் அம்மா.

"ஆன்ட்டி, தீர்மானமாச் சொல்லணும்," என்றான் ரமணி. "உங்க கண்ணு முன்னாடி இது நடக்கறது. நம்பறேளா, இல்லையா?"

அம்மா ரமணியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

நம்பவில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். பல மாதங்களாக நான் வளர்த்து வந்த கானல் என்ற மாயக்காரி பிடிபட்டு மடிவாள். அவளோடு என் ஞாயிற்றுக்கிழமைகளும் முடிந்துவிடும். வீட்டில் பேசி முடித்திருந்த ஏற்பாடு அப்படி: அம்மா நேரில் வந்து பார்ப்பார், அவருக்குச் சரியென்று பட்டால் நான் தொடர்ந்து விளையாடலாம், இல்லையென்றால் அன்றோடு நிறுத்திவிட வேண்டும்.

மேலே மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து காபியின் மணம் வந்தது.

ஒரு வாசகியின் கேள்வி

இத்தொடரில் இதுவரை தாராவியின் சாக்கடைக் கணக்கெடுப்பு, மாலைப் பள்ளி, மழைக்கால வயிற்றுப்போக்கு என்றே எழுதி வந்திருக்கிறேன். கல்யாணிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "உங்கள் இளமையில் நீங்கள் சிரித்ததே கிடையாதா?"

நியாயமான கேள்வி. சிரித்திருக்கிறேன்; ஆனால் சிரிப்பதற்கு ஓர் இடம் தேவைப்பட்டது. எண்பதுகளின் நடுப்பகுதியில், சமூகப் பணியில் பட்டம் பெற்றுத் தாராவியில் ஒரு சிறு தொண்டு அமைப்பில் சேர்ந்திருந்தேன். என் ஒவ்வொரு மணி நேரமும் எவருக்காவது பயன்பட வேண்டும் என்ற எண்ணம் என்னை ஆட்டிப் படைத்த காலம் அது. பேல்பூரி தின்னும்போதுகூட, இந்த நேரத்தில் ஒரு குழந்தைக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்டியிருக்கலாமே என்று தோன்றும். பேல்பூரியின் புளிச்சட்னி அந்த எண்ணத்தோடுதான் தொண்டையில் இறங்கும்.

இந்த நோய்க்கு மருந்து, கல்லூரித் தோழி லலிதாவின் வீட்டில் கிடைத்தது. லலிதா ஓர் அலுவலகத்தில் தட்டச்சுச் செய்பவள். பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். அவளுடைய தம்பி ரமணி அப்போது வணிகவியல் மாணவன். அவன் பேசினால் கீழ்த்தளத்துப் பூக்கடை வரைக்கும் கேட்கும். அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த அவர்களுடைய அத்திம்பேர் ஒரு விளையாட்டின் விதிப் புத்தகத்தை நகலெடுத்துக் கொண்டுவந்து ரமணியிடம் கொடுத்திருந்தார்.

அது காய் நகர்த்தும் விளையாட்டல்ல. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக வாழ வேண்டும். "ஆற்றைக் கடக்கிறேன்" என்று நீங்கள் சொல்லலாம். கடந்தீர்களா, மூழ்கினீர்களா என்பதைப் பகடை தீர்மானிக்கும். கதையை நடத்துபவனுக்கு நாங்கள் வைத்த பெயர் சூத்திரதாரி. ரமணிக்கு அந்தப் பட்டம் மிகவும் பிடித்திருந்தது.

பகடைதான் இல்லை. இருபது முகம் கொண்ட பகடை வேண்டும் என்று புத்தகம் சொன்னது. அப்படி ஒரு பொருளைப் பம்பாயில் எங்கே தேடுவது? கடைசியில், அவர்கள் குடியிருந்த கட்டடத்துப் புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்கு வாங்கிய தம்போலா என்ற எண் விளையாட்டுப் பெட்டியிலிருந்து ஒன்று முதல் இருபது வரை எண்ணிட்ட வில்லைகளை எடுத்து ஒரு துணிப்பையில் போட்டோம். விதி எங்களுக்கு உருண்டு வரவில்லை. கை விட்டு எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பையின் வாயில் கர்ப்பூர வாசனை அடிக்கும். அதற்கு முன் அதில் என்ன வைத்திருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

கானல் பிறந்தாள்

நான்காவது ஆள் ஜமால், ரமணியின் வகுப்புத் தோழன். தாராவியில் தோல்பை செய்யும் பட்டறை அவர்களுடையது. மேலப்பாளையத்துக் குடும்பம். அவன் பேச்சில் பாதி எங்கள் வீட்டுப் பேச்சு மாதிரியே இருக்கும், மீதி இந்தி.

நான் சேர்ந்த அன்று, எனக்கென்று ஒரு பாத்திரத்தை உருவாக்க வேண்டும் என்றார்கள். முதலில் வலிமை. பைக்குள் கையை விட்டு ஒரு வில்லையை எடுத்தேன்.

"மூணு!" என்று கூவினான் ரமணி. "எஸ்தர்க்கா, உங்க ஆளால ஒரு குடம் தண்ணி தூக்க முடியாது."

"தண்ணி தூக்க முடியாதவ பம்பாயில எப்படிப் பொழைப்பா?" என்று ஜமால் கவலைப்பட்டான்.

உடல் திடமும் அந்த இலட்சணத்தில்தான் வந்தது. அறிவுக்கு மட்டும் பத்தொன்பது. வாள் எடுக்க வழியில்லை. வைத்தியராக இருக்கலாம் என்று எண்ணினேன். என் இயல்புக்கு அதுதான் பொருந்தும் என்று எவருக்கும் தெரியும். ஆனால் வைத்தியம் ஏற்கெனவே ஜமாலிடம் இருந்தது. அவனுடைய பாத்திரத்தின் பெயர் ஹக்கீம் பாய்.

"விட்டுக் கொடுவே," என்றான் ரமணி, ஜமாலின் பேச்சைக் கேலி செய்து.

"முடியாது. வாரம் பூரா வாப்பா பட்டறையில தோல வெட்டுதேன். ஞாயித்துக்கெழமயாவது எதையாவது ஒட்ட வைக்கேனே."

இதற்கு மேல் அவனிடம் எப்படிக் கேட்பது?

கோடாலி லலிதாவிடம் இருந்தது. ஆம், அந்த மெல்லிய குரல் லலிதாவிடம்தான். அவளுடைய பாத்திரத்தின் பெயர் சண்டமாருதி. வழியில் எவரைக் கண்டாலும் முதலில் வெட்டலாமா என்று கேட்பாள். கேட்கும் குரல் மட்டும் அலுவலகத்தில் விடுப்புக் கேட்கும் குரலாகவே இருக்கும்.

எஞ்சியவை இரண்டு. நெருப்பு மந்திரவாதி அல்லது மாயத்தோற்ற மந்திரவாதி. அந்தக் கோடையில்தான் எங்கள் அமைப்பு வேலை செய்த சந்து ஒன்றில் குடிசைகள் எரிந்திருந்தன. விளையாட்டுக்குக்கூட என்னால் நெருப்பைக் கையில் எடுக்க முடியவில்லை. ஆகவே மாயத்தோற்றம்.

இப்படியாக, வேறு வழியில்லாத காரணத்தால், மாயக்காரியானேன். பெயர் கானல் என்றேன்.

"கானலா? நல்ல பேருதான்," என்றான் ஜமால். "குடிக்கத் தண்ணிதான் கெடைக்காது."

கறுத்துப்போன பக்கம்

புத்தகத்தைப் புரட்டினால், மாயத்தோற்றங்களைப் பற்றிய பக்கம் நகலெடுக்கும்போது முழுக்கக் கறுப்பாக விழுந்திருந்தது. ஓரத்தில் இரண்டு வரி மட்டும் தெரிந்தது. அவற்றை வைத்துக்கொண்டு ரமணி ஒரு விதி செய்தான். கானல் எதை வேண்டுமானாலும் தோன்றச் செய்யலாம். பார்க்கிறவன் நம்பினால் அது நிற்கும், நம்பாவிட்டால் கலைந்துவிடும். பார்க்கிறவனாக மேசையில் ஒருவர் இருந்து, நேர்மையாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

எல்லையில்லாத ஆற்றல்! வேறொருவர் மகிழ்ந்திருப்பார். எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. எல்லை இல்லாத அதிகாரம் எங்கே போய் முடியும் என்று கல்லூரியில் நீண்ட கட்டுரை எழுதியவள் நான். ஆகவே கானலுக்கு நானே எல்லைகளை வகுத்தேன். இறந்தவர்களை அவர்களுடைய உறவினர் கண்ணுக்குக் காட்டமாட்டாள். குழந்தைகளை அச்சுறுத்தமாட்டாள். எல்லாவற்றுக்கும் மேலாக, பசித்தவனுக்கு இல்லாத சோற்றைக் காட்டமாட்டாள்.

"எஸ்தர்க்கா, மூணு நாள் யோசிச்சு எடுத்துண்டு வந்தேளா இதை?" என்றான் ரமணி. மெய்யாகவே அப்படித்தான் கொண்டுவந்திருந்தேன்.

ஒரு மலைப்பாதையில் கொள்ளையர் எங்களை மறித்தபோது, லலிதா கோடாலிக்குப் பறந்தாள். நான் தடுத்தேன். கொள்ளையர்களின் தாய்மார்கள் விளக்குமாற்றோடு எதிரே வந்து நிற்பதாகக் காட்டலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அதற்கு முன் ரமணியிடம் ஒரு விவரம் கேட்க வேண்டியிருந்தது: அந்தத் தாய்மார்கள் உயிரோடு இருக்கிறார்களா?

ஜமால் கேரம் பலகையில் தலையை முட்டிக்கொண்டான். "யா அல்லா! திருடனோட உம்மா ஹயாத்தா இருக்காங்களான்னு விசாரிச்சுட்டுத்தான் எக்கா மாயமே போடுவாங்க!"

எல்லோருக்கும் தாய்மார் இருந்தார்கள். கொள்ளையர் ஓடிப்போனார்கள். அன்று மாலை சிரித்துச் சிரித்து விலா வலித்தது. பேருந்தில் வீடு திரும்பும் வழியில்தான் கவனித்தேன்: பிற்பகல் முழுவதும் எவருக்கும் எந்தப் பயனும் இல்லாமல் கழித்திருக்கிறேன், மனம் கணக்கே கேட்கவில்லை.

அம்மாவிடம் சொன்னது

அம்மாவுக்குத் தெரியாமல் இதை இனியும் தொடர எனக்கு மனமில்லை. திலக் நகரில் எங்கள் வீட்டுச் சமையலறை ஒருவர் நின்றால் நிறைந்துவிடும். வாசலில் நின்றபடி சொன்னேன்.

"அம்மா, ஞாயித்துக்கெழம லலிதா வீட்டுல நான் என்ன செய்யுதேன்னு ஒங்ககிட்ட சொல்லணும்."

"என்ன செய்வீய? கேரம் ஆடுவீய."

"இல்லம்மா. அங்க நான் ஒரு மாயக்காரி."

எண்ணெய்ச் சட்டிக்கு மேலே கரண்டி அப்படியே நின்றது.

"என்னட்டி சொல்லுத?"

விளக்கினேன். சூத்திரதாரி, தம்போலா வில்லை, ஹக்கீம் பாய் எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கம் நீள நீள விஷயம் மோசமாகிக்கொண்டே போவது எனக்கே தெரிந்தது.

"மந்திரம் ஓதுவியோ?"

"ஓதமாட்டேன். இல்லாதத இருக்குத மாதிரிக் காட்டுவேன். அவ்வளவுதான்."

"அதுக்குப் பேரு பொய் இல்லியாட்டி?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"இந்தா பாரு. வேசம் போடுததுல எனக்கு ஒண்ணுமில்ல. கிறிஸ்மசுக்கு நீயே ரெக்க கெட்டிக்கிட்டு நின்னவதான். ஆனா அடுத்தவன நம்ப வச்சு ஏமாத்துததையே ஒரு வித்தையா, வாராவாரம் பஸ் ஏறிப் போயிப் பழகுவியோ?"

சூனியம், சாத்தான் என்று அவர் அச்சப்பட்டிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அவர் கேட்டதோ நானே என்னைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. அதற்கு என்னிடம் விடை இருந்திருந்தால் கானலுக்கு அத்தனை எல்லைகளை வகுத்திருப்பேனா?

"நீங்களே வந்து பாருங்கம்மா," என்றேன். "பொய் பழகுத எடம்னு தோணிச்சுன்னா, நானே விட்டுருதேன்."

அம்மா அடுப்பைத் தணித்தார். "வாரேன்," என்றார்.

பொத்தான்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், சேலையைக்கூட மாற்றாமல், என்னோடு பேருந்தேறி அம்மா மாட்டுங்காவுக்கு வந்தார். கதவைத் திறந்த ஜமால், "வாங்க ஆன்ட்டி, ஒக்காருங்க," என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவன் பேச்சைக் கேட்டதும் அம்மாவின் புருவம் கொஞ்சம் தளர்ந்தது. லலிதா, தான் வரைந்து வைத்திருந்த சண்டமாருதியின் படத்தைக் குப்புறக் கவிழ்த்தாள். அதில் கோடாலியிலிருந்து இரத்தம் சொட்டியது.

கதை ஒரு நெருக்கடியில் நின்றிருந்தது. குறுநில மன்னன் ஒருவன் ஏரியின் மடையைத் தன் கோட்டைக்குள் வைத்துப் பூட்டிவிட்டான். கீழே ஊர் வறண்டு கிடக்கிறது. நாங்கள் உள்ளே நுழைந்து மடையைத் திறக்க வேண்டும். வாசலில் ஒரே ஒரு காவலாளி.

ரமணி ஒரு பொத்தானை எடுத்து வாசலில் வைத்தான். பிறகு, இப்போதும் நான் அவனை முழுதாக மன்னிக்காத ஒரு காரியத்தைச் செய்தான்.

"ஆன்ட்டி, சும்மாப் பாத்துண்டிருந்தா போரடிக்கும். நீங்கதான் அந்தக் காவலாளி."

"நானா?"

"ஆமா. எஸ்தர்க்கா ஏதாவது காட்டுவா. நம்பினா நம்பறேன்னு சொல்லணும். இல்லேன்னா இல்லை. மூணு தடவை நம்பலேன்னா அவளைப் பிடிச்சுக் கழுத்தை வெட்டிடலாம்."

"ரமணி!" என்றாள் லலிதா.

அம்மா கைப்பையை நிமிர்த்தினார். "காவக்காரன்னா ஒழுங்காத்தான் காப்பேன். மவளுன்னு பாக்கமாட்டேன். சொல்லிட்டேன்."

முதலில் கோட்டையின் பின்பக்கம் தீப்பிடித்ததாகக் காட்டினேன். நெருப்பு மந்திரம் வேண்டாம் என்றவள், அவசரத்தில் நெருப்பையே தேடிப் போனேன். புகை எழுகிறது, பொறி பறக்கிறது என்றேன்.

"கரிஞ்ச வாட வரலியே," என்றார் அம்மா. "தீப்பிடிச்சா மொதல்ல வாடதான வரும்? நம்பல."

அடுத்து, குதிரையில் அரச தூதன் வருவதாகக் காட்டினேன். பட்டுத் தலைப்பாகை, முத்திரை மோதிரம் என்று எதையும் விடவில்லை. அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"குதிரையிலயா வாரான்? எவ்வளவு தூரத்துலேருந்து?"

"ரொம்பத் தூரம்மா."

"அப்ப ஏன் சட்ட கசங்காம இருக்கு? குர்லாவுலேருந்து ரயில்ல வந்தாலே நமக்குக் கசங்கிப் போவுது. நம்பல."

"வாவ், ஆன்ட்டி!" என்று ஜமால் தன்னை மறந்து கைதட்டினான். பிறகு நாங்கள் எந்தப் பக்கம் என்பது நினைவுக்கு வந்து கையை மடக்கிக்கொண்டான்.

இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு.

நிற்பதும் கேட்பதும்

இந்த இடத்தில் இளைய வாசகர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அந்நாளில் பம்பாய் வரிசைகளின் நகரம். ரேஷன் சர்க்கரைக்கு வரிசை. பாமாயிலுக்கு வரிசை. பம்பாயில் ராக்கேல் என்று சொல்லும் மண்ணெண்ணெய்க்கு, தகர டின்களோடு தெருமுனை வரை வரிசை. எது எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. தெருவில் ஒரு வரிசை கண்ணில் பட்டால், எங்கள் வீட்டுப் பெண்கள் செய்யும் முதல் காரியம் அதன் கடைசியில் போய் நிற்பது. எதற்கான வரிசை என்று கேட்பது அதற்குப் பிறகுதான். கேட்டுவிட்டு நிற்க நினைத்தவர், கேட்கிற நேரத்தில் பத்துப் பேருக்குப் பின்னால் போய்விடுவார். அம்மா இந்த முறையில் ஒருமுறை, தெரியாமல், நாய்க்கடி ஊசிக்கு நின்றுவிட்டு வந்திருக்கிறார்.

நான் அம்மாவின் கைப்பையைப் பார்த்தேன். அதற்குள் மடித்த துணிப்பை ஒன்று எப்போதும் இருக்கும். எங்கே எது கிடைக்கும் என்று தெரியாதல்லவா?

"கோட்டைக்கு எதிர்த்தாப்புல ஒரு ரோடு," என்று மெதுவாகத் தொடங்கினேன். "ரோட்டோரமாப் பொம்பளைங்க வந்து நிக்காவ. ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தர். கையில டின்னு இருக்கு, கொடம் இருக்கு."

அம்மாவின் முதுகு நாற்காலியை விட்டு எழும்பியது.

"எதுக்குட்டி லைன்?"

"தெரியாது."

"எத்தன பேரு?"

"இப்பக் கொஞ்சம் பேருதான். ஆனா வந்துக்கிட்டே இருக்காவ. ரெண்டு பேரு ஓடி வாராவ."

அப்போதுதான் ரமணி அந்தக் கேள்வியைக் கேட்டான். நம்பறேளா, இல்லையா. அம்மா என்னைப் பார்த்தார். விசிறி கிறீச்சிட்டது.

"அவுக ரெண்டு பேரும் வந்து சேருததுக்குள்ள போவ வேண்டாமா?" என்றார் அம்மா. "இங்க ஒக்காந்து என்ன கேள்வி கேட்டுக்கிட்டு?"

தன் கையாலேயே பொத்தானை எடுத்துச் சாலையோரத்தில், வரிசையின் கடைசியில், வைத்தார்.

"ஆன்ட்டி! கோட்டை!" என்று அலறினான் ஜமால்.

"கோட்ட அங்கனதான கெடக்கும்? லைனு கெடக்குமா?"

ஜமால் தரையில் உருண்டான். லலிதா சிரித்த சிரிப்புக்கு, உள்ளேயிருந்து அவளுடைய அம்மா காபி வடிகட்டியோடு ஓடி வந்து எட்டிப் பார்த்தார். அம்மாவுக்குத் தான் என்ன செய்தோம் என்பது அப்போதுதான் புரிந்தது. ஒரு கணம் முகம் சிவந்தது. பிறகு அவரும் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

மடை

சிரிப்பு அடங்கியபோது என் மனம் வழக்கம்போல விழித்துக்கொண்டது. வெறும் வரிசை! அங்கே எதுவும் தரப்போவதில்லை. பசித்தவனுக்கு இல்லாத சோற்றைக் காட்டுவது வேறு எது?

"ரமணி, கானல் உள்ள போகமாட்டா," என்றேன்.

ரமணி தலையில் கைவைத்துக்கொண்டான். "எஸ்தர்க்கா! கதவு தொறந்து கெடக்கு!"

"இல்லாத ஒண்ணுக்கு அந்த ஆளை நிக்க வெச்சிருக்கேன். அது தப்பு."

லலிதாவின் குரல் வாழ்நாளில் முதல்முறையாக உயர்ந்தது. "எஸ்தர், கீழ ஒரு ஊரே தண்ணியில்லாமக் காயறது. நீ இப்ப உள்ள போகலேன்னா, முதல்ல உன்னைத்தான் வெட்டுவேன்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அம்மா கைகளைக் கோத்தபடி, நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் பார்க்க வந்ததே அதுதான் என்று எனக்கு அப்போது விளங்கியது.

"மடையைத் தொறந்தா தண்ணி எந்த வழியாப் போகும்?" என்று கேட்டேன்.

ரமணி சாக்பீஸ் கோடுகளைப் பார்த்தான். அவன் அதை யோசித்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"இப்படி... கோட்டை முன்னாடி... ரோட்டோரக் கால்வாய் வழியா," என்றான்.

"வரிசை நிக்கிற ரோடா?"

என்னைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். "அந்த ரோடேதான்," என்றான்.

"அப்போ கானல் உள்ள போறா."

மடைப் பலகையைத் தூக்கும் வலிமை கானலுக்கு ஏது? சண்டமாருதிதான் தூக்க வேண்டும். லலிதா கண்ணை மூடிக்கொண்டு பைக்குள் கையை விட்டாள். பதினெட்டு! ஜமால் விசிலடித்தான். ஏரி திறந்தது. நீர் சாலையோரமாக ஓடி வந்தது. அதன் சத்தம் கேட்டுக் கீழூரிலிருந்து குடங்களோடு பெண்கள் மேலேறி வந்தார்கள். வரிசையாக நின்றிருந்த தோற்றங்கள் ஒவ்வொன்றாகக் கலைய, ஒவ்வொன்றுக்கும் மெய்யான ஒருத்தி காவலாளிக்குப் பின்னால் வந்து நின்றாள். இதை ரமணிதான் சொன்னான்; அவன் சூத்திரதாரியாக இருந்த காலத்தில் சொன்னவற்றுள் அதுவே மிகச் சிறந்தது.

"லைன்ல மொதல்ல யாரு?" என்று அம்மா கேட்டார்.

"காவலாளிதான் ஆன்ட்டி. அவனுக்கு முன்னாடி நின்னவா எல்லாரும் கலைஞ்சுட்டாளே."

"ம்," என்றார் அம்மா, இது எதிர்பார்த்ததே என்பதுபோல. கைப்பையைத் திறந்தார். அதுவரை வெளியே எடுக்காமல் வைத்திருந்த அச்சு முறுக்குப் பொட்டலத்தை எடுத்துக் கோட்டையின் நடுவில் வைத்தார்.

திரும்பும் வழி

முறுக்கு நல்ல அறிகுறிதான். ஆனால் அது தீர்ப்பாகாது. எங்கள் வீட்டில் விருந்தோம்பல் வேறு, தீர்ப்பு வேறு. எவருக்குக் கண்டிப்பாக மறுப்புச் சொல்லப் போகிறாரோ அவருக்கும் அம்மா வயிறாரப் பரிமாறித்தான் அனுப்புவார்.

பேருந்தில் அம்மா சன்னலோரம் உட்கார்ந்தார். மாலை வெயில் அவர் மடியில் சதுரமாக விழுந்து விழுந்து நகர்ந்தது. கேட்டால் விடை வந்துவிடும் என்று அச்சமாக இருந்தது.

"ஏட்டி," என்றார் சயான் தாண்டியதும்.

"சொல்லுங்கம்மா."

"அந்தக் காவக்காரன் தண்ணியப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பிப் போவான்லா?"

"போவான்."

"கதவு தொறந்து கெடக்கும். மடையும் தொறந்து கெடக்கும். ராசா சும்மா விடுவானா? வேலைய விட்டு எடுத்துருவானே."

நான் திகைத்துப்போய் அவரைப் பார்த்தேன். கொள்ளையர்களின் தாய்மார் உடல்நலம் வரை விசாரித்தவள் நான். இதை நினைக்கவே இல்லை.

"அதை யோசிக்கலம்மா," என்றேன்.

"புள்ளகுட்டிக்காரனா இருப்பான். லைன்ல ஓடிப்போயி நிக்கான்னா, வீட்டுல கஷ்டம் இருக்கப்போயிதான நிக்கான்?" அம்மா கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடினார். "ஒங்க ஊருல அவனுக்கு வேற வேல கெடைக்குமா?"

"ரமணியத்தான் கேக்கணும்."

"அந்தப் பய என்ன சொல்லுவான், கழுத்த வெட்டும்பான். நான் பேசிக்கிடுதேன். அடுத்த ஞாயித்துக்கெழம நானும் வாரேன். அவன அப்படி நடுத்தெருவுல விட்டுட்டு இருக்க முடியாது."

பேருந்து செம்பூர்ப் பக்கம் திரும்பியது. நான் கேட்டேன்.

"அப்போ கானல்?"

அம்மா, கேட்க வேண்டிய அவசியமே இல்லாத ஒன்றைக் கேட்டுவிட்டதுபோல என்னைப் பார்த்தார்.

"அவ வராம? அவன் வேலைக்கு ஒல வச்சவளே அவதான. கூட வந்து பதில் சொல்லட்டும்."